பார்த்தெனான் மாடல்: மூலையில் டிரைகிளிஃப் உட்கார மாட்டேன் என்கிறது

ஏதென்ஸ் பார்த்தெனான் கோயிலின் கிழக்கு முகப்பை 1:50 அளவில் சன் போர்டில் செய்து வருகிறேன். 8 தூண்கள், மேடை அகலம் 61.8 செ.மீ. தூண்கள் நன்றாக வந்துவிட்டன. மேலே ஓடும் அலங்காரப் பட்டையில்தான் மூன்று வாரமாகச் சிக்கியிருக்கிறேன்.

டோரிக் (பழைய கிரேக்கக் கட்டட பாணி) விதிப்படி ஒவ்வொரு தூணின் நடுவுக்கு நேர் மேலே ஒரு டிரைகிளிஃப் (மூன்று வரிப் பள்ளக் கட்டை), இரண்டு தூண்களுக்கு நடுவே இன்னொன்று. ஆனால் கடைசி டிரைகிளிஃப் மட்டும் தூணின் நடுவை விட்டு மூலை விளிம்புக்கே போயாக வேண்டும். மொத்தம் 15 டிரைகிளிஃப், இடையில் 14 மெட்டோப் (சிற்பப் பலகை).

முதலில் தூண்களைச் சம இடைவெளியில் நிறுத்தினேன். மூலையை ஒட்டிய இரண்டு மெட்டோப்களும் மற்றவற்றைவிட 5 மி.மீ. அகலமாகி, பார்த்ததுமே கண்ணை உறுத்தின. பிரித்தெடுத்து, அசல் கோயிலில் இருப்பதுபோல மூலைத் தூணை உள்ளே தள்ளினேன்: மற்ற இடைவெளிகள் (தூண் நடுவிலிருந்து நடுவரை) 86 மி.மீ., கடைசி இடைவெளி 73.5. இப்போது தலைகீழ். அந்த இரண்டும் 1.5 மி.மீ. ஒடுங்கிவிட்டன! டிரைகிளிஃபை அகலமாக்கியும் பார்த்தேன், அது இன்னும் மோசம்.

கட்டைகளை இன்னும் ஒட்டவில்லை, வெறுமனே அடுக்கித்தான் வைத்திருக்கிறேன்.

அளவெடுத்த வரைபடங்களோடு வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: இந்த ஒடுக்கத்தை மூலையில் இரண்டு மெட்டோப்களிலேயே விட்டுவிடுவதா, அல்லது டிரைகிளிஃப்கள் தூண் நடுவிலிருந்து சற்று விலகினாலும் பரவாயில்லை என்று, நடுவிலிருந்து மூலைவரை 14 மெட்டோப்களிலும் சிறிது சிறிதாகக் குறைப்பதா?