அந்த அம்மா என்னிடம் கேட்டவை

கார்கில் போர் என்றதும் எல்லோரும் கேட்பது டைகர் ஹில் பற்றித்தான். நான் மலையேறிச் சண்டை போட்ட காலாட்படைக்காரன் இல்லை. திராஸ் பகுதியில் போஃபர்ஸ் பீரங்கியில் கன்னராக நின்றவன். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். 10,000 அடி தாண்டிய உயரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். 1999 ஜூன் 13 தோலோலிங், ஜூலை 4 டைகர் ஹில் என்று சிகரங்கள் நம் கைக்கு வந்த செய்தி கிடைத்தபோதெல்லாம் தொண்டை கிழியக் கத்தினோம். கத்தி முடிப்பதற்குள் அடுத்த இலக்கு வந்துவிடும்.

எதிர்ப்பக்கப் பீரங்கிகளும் விடவில்லை. சிகரங்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நெடுஞ்சாலையும் அதை ஒட்டிய இடங்களும் நன்றாகத் தெரிந்தன. அப்படி வந்து விழுந்த ஒரு குண்டில் என் பக்கத்தில் நின்றவன் போய்விட்டான். அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

லீவு கிடைத்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். எப்படி இறந்தான், வலி இருந்ததா என்று கேட்பார்கள், என்ன சொல்வது என்று ரயிலில் வழியெல்லாம் யோசித்தபடி போனேன். அவன் அம்மா அதைக் கேட்கவே இல்லை. “தம்பி, அங்க சூடா சோறு கிடைச்சுதா? குளிருக்குக் கம்பளி போதுமா இருந்துச்சா? யார் கூட படுத்துக்குவான்?” இதைத்தான் கேட்டார். அவன் கடிதங்களை எடுத்து வந்து, “56 ஏபிஓ-ன்னு போட்டிருக்கே, அது எந்தப் பக்கம் இருக்கிற ஊரு?” என்றார். அது ஊர் இல்லை, ராணுவ அஞ்சல் முகவரி, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது வெளியே தெரியாமல் இருக்கத்தான் அப்படி என்று விளக்கினேன். அப்புறம் ஒரு தாளில் மலை, சாலை, பீரங்கி, நாங்கள் தூங்கிய பங்கர் எல்லாவற்றையும் வரைந்து காட்டினேன். லங்கரில், அதாவது ராணுவச் சமையல்கூடத்தில், ரொட்டி சுடுபவரிடம் கெஞ்சிச் சோறு வாங்குவான் என்று சொன்னபோது அந்த அம்மா சிரித்தார். பிள்ளை போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன் என்று அவன் தங்கை பிறகு சொன்னாள்.

என் வீட்டில்கூட அதுவரை நான் போரைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்தத் தாளை வரைந்த பிறகுதான் என் மனைவியிடம் பேச முடிந்தது. வலது காதில் இன்னமும் இரைச்சல் உண்டு, தூக்கம் கெடும் இரவுகளும் உண்டு. ஆனால் ஏன் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அது பெரிய ஆறுதல்.

அந்தப் போரில் நம் தரப்பில் இறந்தவர்கள் 527 பேர். ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று மேடை போட்டுச் சால்வை போர்த்துகிறார்கள், அந்த மரியாதையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வீடுகளில் பலவற்றுக்கு, கூட இருந்தவன் ஒருவன் வந்து உட்கார்ந்து பேசுவதுதான் தேவைப்படுகிறது. என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருமுறை போய் வாருங்கள். போனில் முடிக்க வேண்டாம். அவன் என்ன சாப்பிட்டான், எதற்குக் கோபப்பட்டான், யாரைக் கேலி செய்தான் என்று சொல்லுங்கள். கடைசி நிமிடத்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால் மட்டும் பேசினால் போதும்.