பாக்ஸ் 6 போட்டால் ஏன் ஈயின் கண்? அவசரம்

கல்லடி_பயோ:
நாளைக்குப் பேப்பர் கிளாஸ். பாக்ஸ் 6 (Pax6) என்ற பரம்பரையலகைப் (ஜீன்) போட்டால் எந்தக் கண் வரும் என்று கேள்வி. விடையில் ஈயின் கண் என்று இருக்கு. எலிக் கண் வரவேண்டாமா? கெதியாகச் சொல்லுங்கோ.

வாழைச்சேனை_அண்ணா:
தங்கச்சி, யாருடைய பாக்ஸ் 6? எதற்குள் போட்டது? எந்த உறுப்பில்?

கல்லடி_பயோ:
எலியுடையது, பழ ஈக்குள். கால்.

களுவாஞ்சி_தம்பி:
பக்டீரியாவில் பரம்பரையலகுகளை அடக்கி இயக்கும் லக் ஒப்பரோன் தொகுதியைப் படித்தால் எல்லாம் விளங்கும். அடக்கிப் புரதம் ஒன்று எலியின் கண் பரம்பரையலகுகளைத் தடுத்து வைத்திருக்கும்.

அக்கரை_சேர்:
கேட்க முதல் புத்தகத்தைத் திறக்கிற பழக்கம் இப்போதைய பிள்ளைகளிடம் இல்லை. தம்பி, ஈயின் கலத்துக்குள் எலியின் கண் பரம்பரையலகுகள் இருந்தால்தானே தடுப்பதற்கு? போட்டது ஒன்றே ஒன்று. அதிலிருந்து வரும் புரதம் ஒரு ட்ரான்ஸ்கிரிப்சன் ஃபக்டர், அதாவது மற்றப் பரம்பரையலகுகளை இயக்கும் அல்லது அடக்கும் புரதம். அது வில்லையும் ஆகாது, விழித்திரையும் ஆகாது. டி.என்.ஏ.யில் தனக்குரிய தொடரில் போய் ஒட்டி, ஈயிடம் ஏற்கெனவே உள்ள கண் பரம்பரையலகுகளை இயக்கிவிடும். 1995 இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் வால்டர் கேரிங்கின் ஆய்வுகூடம் காட்டியது இதைத்தான். குடம்பியில் காலாக மாறவிருந்த கலங்களில் அதை இயக்கினார்கள், காலில் கூட்டுக்கண் வந்தது.

வாழைச்சேனை_அண்ணா:
வெளியூர் அண்ணாவியார் வந்து மத்தளம் அடித்தாலும் களரியில் ஆடுவது உள்ளூர்க் கூத்தர்தான். அப்படி வைத்துக்கொள்ளுங்கோ.

கல்லடி_பயோ:
ஈக்கு எலியின் புரதம் எப்படிப் பொருந்தும்?

அக்கரை_சேர்:
ஈயிடமும் அதே குடும்பப் பரம்பரையலகு உண்டு, பெயர் ஐலெஸ். புரதத்தில் டி.என்.ஏ.யில் ஒட்டும், பெயர்ட் (paired) எனப்படும் பகுதியில் இரண்டும் 94% ஒன்றே. கண்ணுக்கு இதுதான் தலைமைச் சுவிட்ச். அவ்வளவுதான்.

ஏறாவூர்_மிஸ்:
அவ்வளவுதான் இல்லை, சேர். எலியில் இதே பாக்ஸ் 6 கணையத்திலும் வேலை செய்கிறது. அங்கே கண்ணா முளைக்கிறது? கூட எந்தக் காரணிகள் நிற்கின்றன என்பதும் கணக்கு. ஈயில் ஐஸ் அப்சென்ட் என்ற பரம்பரையலகைக் கண்ட இடத்தில் இயக்கினாலும் கண் வரும். அப்போ எது தலைமை?

அக்கரை_சேர்:
ஐலெஸ் பழுதானால் ஈக்குக் கண் சிறுக்கும், இல்லாமலும் போகும். இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஏறாவூர்_மிஸ்:
ஐஸ் அப்சென்ட் பழுதானாலும் அதே கதைதான். தேவை என்பது ஒன்று, தனியே போதும் என்பது வேறு. பிள்ளைகள் இதைக் கலந்துதான் புள்ளியை விடுகிறார்கள்.

களுவாஞ்சி_தம்பி:
அடக்கியும் ட்ரான்ஸ்கிரிப்சன் ஃபக்டர்தானே, மிஸ்?

ஏறாவூர்_மிஸ்:
ஓம் தம்பி, அது சரி. இந்தக் கேள்விக்குரியது இயக்கும் பக்கம்.

கல்லடி_பயோ:
விளங்கிட்டு, எழுதிட்டேன். நன்றி.

வாழைச்சேனை_அண்ணா:
மறுகா அந்தக் கேள்வியின் மிச்சப் பகுதியையும் போடுங்கோ தங்கச்சி. “ஏன் கால் முழுவதும் கண்ணாகவில்லை” என்று கட்டாயம் கேட்டிருப்பார்கள்.