பொருள்: கிரகணம் பிடித்தபடியே எழும் நிலாவுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் சொற்பட்டியலில், கிரகணம் பிடித்தபடியே எழும் நிலாவைக் குறிக்க வந்த ‘கிரகண உதயம்’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. படிப்பவர் அதைக் கிரகணம் தொடங்கும் நேரம் என்றே எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்தது வேறு. கிரகணம் முன்பே தொடங்கிவிட்டது; நம் ஊரின் கீழ்வானத்துக்கு நிலா இப்போதுதான் வருகிறது, வரும்போதே மறைபட்டு வருகிறது.

2022 நவம்பர் 8-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். அன்றைய சந்திர கிரகணத்தில் முழு மறைப்பு மாலை 5.12-க்கும் பகுதி மறைப்பு 6.19-க்கும் முடிந்தன. சந்திர கிரகணத்தின் நேரம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. நிலா எழும் நேரம்தான் மாறுகிறது. கொல்கத்தா கிழக்கே இருப்பதால் அங்கே முழு மறைப்பையே சுமார் 20 நிமிடம் பார்க்க முடிந்தது. சென்னைக்குக் கிடைத்தது பகுதி மறைப்பு மட்டும், அதுவும் 40 நிமிடம். மும்பைக்கு 18 நிமிடம்தான். ஆக, நமக்கு வேண்டிய சொல் கிரகணத்தின் வகையைக் குறிப்பதன்று. ஓர் ஊரிலிருந்து அது தெரியும் விதத்தைக் குறிப்பது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலாவின் கிழக்கு விளிம்பே நிழலுக்குள் முதலில் நுழைகிறது, முதலில் வெளியேறுவதும் அதுவே. எழும் நிலாவில் கிழக்கு என்பது அடிப்பக்கம். எனவே அன்று சென்னையில் கடலுக்கு மேல் முதலில் தலைகாட்ட வேண்டிய மேல் விளிம்பு இருண்டிருந்தது. ஒளி பெற்ற பகுதி கீழே இருந்தது. அந்திவெளிச்சமும் கடலோர மங்கலும் சேர்ந்தால், பஞ்சாங்கம் சொன்ன நேரத்தில் நிலா கண்ணுக்குப் படாது. பார்க்கப் போகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் தனிச் சொல் தேவைப்படுகிறது.

பஞ்சாங்கத்தில் இதற்குக் ‘கிரஸ்தோதயம்’ (பிடிபட்டபடி உதித்தல்) என்ற சொல் உண்டு. பொருள் துல்லியமானதுதான், ஆனால் பள்ளிப் பிள்ளையின் நாவில் ஏறாது. குழுவில் ஒருவர் ‘திங்களைப் பாம்புகொண் டற்று’ என்ற குறளைக் காட்டி ‘கோளெழுச்சி’ என்றார். கொள்வது கோள்; அந்தக் ‘கொள்’ என்ற வேர் எனக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் ‘கோள்’ என்றதும் இன்று எல்லோருக்கும் செவ்வாயும் வியாழனும்தானே நினைவுக்கு வருகின்றன?

மக்கள் வழக்கில் கிரகணம் பிடிக்கிறது, விடுகிறது. ‘கிரகணம்’ என்பதற்கே பற்றுதல் என்றுதான் பொருள். ‘எழுஞாயிறு’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் ‘பிடியெழு நிலா’ என்று முன்வைக்கிறேன். பிடி என்றால் பெண்யானை அல்லவா என்று கேட்டிருந்தீர்கள். கிரகணப் பேச்சின் நடுவே யாரும் அப்படிக் குழம்ப மாட்டார்கள்.

கிரகணம் பிடித்தபடியே ஞாயிறோ நிலாவோ மறையும்போது என்ன சொல்வது என்பதுதான் கடினம். அதே ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி சூரியன் கிரகணத்தோடு மறைந்தது. சென்னையில் தொடங்கிய அரைமணி நேரத்தில் பொழுது போய்விட்டது. ‘மறை’ என்ற சொல்லைத் தொடவே கூடாது. கிரகணமும் மறைப்புதான், அத்தமனமும் மறைவுதான். பொழுது மறைவதைச் சொல்லும் ஈழத்து அன்பர்களின் ‘பொழுதுபட’ அழகான வழக்கு. அதைச் சேர்த்தால் ‘பிடிபடு ஞாயிறு’ என்றாகி, அகப்பட்டுக்கொண்ட ஞாயிறு என்று பொருள் திரிந்துவிடும். ‘பொழுதடைந்தது’ என்பதிலிருந்து ‘பிடியடை’ என்றாலோ பிடியை அடைவதாகத் தோன்றும். ‘பொழுது சாய்ந்தது’ என்பதிலிருந்து ‘பிடிசாய் ஞாயிறு’ எடுக்கலாம். நிலாவுக்கும் அப்படியே ‘பிடிசாய் நிலா’.

அட்டவணைத் தலைப்புகளுக்குப் பெயர்ச்சொல் வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. ‘பிடியெழுச்சி’ தயங்காமல் நிற்கும். ‘பிடிசாய்வு’ எனக்கு இன்னும் நிறைவு தரவில்லை. மேலான சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள், சொற்பட்டியலில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவைக்கிறேன்.

அன்புடன்