தட்டிப் பார்த்து வாங்குங்கள்: குடியிருக்கப் பழைய கட்டமரன் தேடியவர்களின் அனுபவங்கள்

"கட்டுமரத்திலா குடியிருக்கப் போகிறாய்? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவாய்?"

பாரிஸ் வீட்டை விற்றுவிட்டுக் கட்டமரன் வாங்கப் போகிறேன் என்றபோது பருத்தித்துறையில் இருக்கும் அம்மா கேட்டது இது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெயர் நம்முடையதுதான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் அச்சான தன் பயணக் குறிப்பில் எழுதிவைத்த சொல் அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. பொருள்தான் மாறிப்போயிற்று. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இன்று அந்தப் பெயரில் விற்பது பொலினீசியர் வழியில் வந்த இரட்டை உடல் படகு. மூன்று படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் உண்டு என்று விளக்கியபின், "அப்படியென்றால் கப்பல் என்று சொல்" என்றார்.

நாங்கள் தேடிப் போனது கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவின் தெற்கே, லெ மரான் துறைக்கு. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் கட்டமரன்கள் சில ஆண்டுகள் ஓடியபின் அங்கே விற்பனைக்கு வரும். கையில் அளவான பணம் இருப்பவர்களின் கண் முதலில் அவற்றின்மேல்தான் விழும். எங்களுக்குப் பிடித்துப்போனது 38 அடி நீளம், ஆறரை மீட்டர் அகலம் உள்ள ஒன்று. இரண்டு இயந்திரங்களும் ஆளுக்கு ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தன. அதற்கேற்ற விலை. உள்ளே புத்தம்புது மெத்தை, புது வண்ணம். "பழைய படகுக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம்?" என்று மனைவி அப்போதே கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டேன். படகைப் பரிசோதிக்கும் சர்வேயர் பார்த்துக் குறை சொன்னால் பணம் திரும்பும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த வரியைத் தரகரிடம் கேட்டுச் சேர்த்ததும் மனைவிதான்.

சர்வேயர் அறுபதைத் தாண்டிய மனிதர். படகைக் கரையில் தூக்கி நிறுத்தியதும் முழங்கைநீளச் சுத்தியல் ஒன்றை எடுத்தார், தலைப்பகுதி பிளாஸ்டிக். படகின் முன்முனையான அணியத்தில் தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். சிறுவயதில் சந்தையில் அம்மா பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிக் காதைச் சாய்ப்பார். அதே சாய்வு இவருக்கும். மேல்தளத்தில், பாய்மரத்துக்குச் சற்று முன்னால், ஓசை செத்தது. சுண்ணாம்புக் கட்டியால் அங்கே ஒரு வட்டம் போட்டார். கண்ணாடியிழைக்கு நடுவே வைத்த பால்சா மரத்தில் நீர் இறங்கி ஊறியிருந்தது. "இது தொந்தரவு. ஆனால் சாவு இல்லை" என்றார்.

சாவு உள்ளே இருந்தது. தரைப்பலகையைக் கழற்றி, பாய்மரத்தின் பாரத்தைத் தாங்கும் குறுக்குச் சுவர் படகின் உடலோடு சேரும் இடத்தில் என்னை விளக்குப் பிடிக்கச் சொன்னார். வழவழவென்று வெள்ளை வண்ணம். நகத்தால் கீறினார், ஒரு செதில் உதிர்ந்தது. அதன் பின்னால் முடியளவு கோடு. "உங்களிடம் ஏதாவது அட்டை இருக்கிறதா?" சட்டைப் பையில் பாரிஸ் மெட்ரோ அட்டைதான் இருந்தது. வாங்கி இடுக்கில் நுழைத்தார். என் புகைப்படம் இருந்த பாதி முழுவதும் சுவருக்குள் போய்விட்டது. சுவர் உடலை விட்டுப் பிரிந்திருந்தது. அந்தப் படகு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கரையேற்றியதற்கும் சர்வேக்குமாக 1,900 யூரோ போயிற்று. அன்று மதியம் துறைமுகத்துக் கடையில் கொலம்போ சாப்பிட்டோம். 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம்மவர்கள் விட்டுச்சென்ற கறி. மல்லியும் சீரகமும் மஞ்சளும் நாக்கில் பட்டதும் மனைவிக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஐந்து மாதம் கழித்து வாங்கியது அதைவிடப் பழைய, 2008ஆம் ஆண்டுப் படகு. ஒரே குடும்பம் வைத்திருந்தது. மெத்தையெல்லாம் கிழிசல், ஆனால் தட்டிய இடமெல்லாம் கணீர். காப்பீட்டு நிறுவனம் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடங்கள் பழையவை, மாற்றினால்தான் காப்பீடு என்றது, 9,000 யூரோ. இயந்திரத்தின் கால் படகின் அடியைத் துளைத்து இறங்கும் இடத்தில், நீர் உள்ளே புகாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. எங்கள் இயந்திரத்துக்கு ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பழைய உரிமையாளரிடம் கேட்டேன். "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்றார். நல்ல மனிதர்.

*

அண்ணா, உங்கள் மெட்ரோ அட்டையைப் படித்ததும் எங்கள் லங்காவிக் கதை நினைவுக்கு வந்தது. நான் பினாங்குக்காரன். லங்காவி வரியில்லாத் தீவு என்பதாலும் புயல் பாதையில் இல்லாததாலும் உலகம் சுற்றக் கிளம்பிய படகுகள் பல அங்கே வந்து தங்கும். ஏடன் வளைகுடாவில் சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த காலத்தில் செங்கடல் பக்கம் போகத் துணியாமல் இங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறிப் போனவர்கள் உண்டு. விற்பவர் அவசரப்படுவார், நமக்கு விலை குறையும் என்று கணக்குப் போட்டேன்.

விலை குறைந்தது. ஆனால் இரண்டு ஆண்டு பூட்டிக் கிடந்த படகு. கதவைத் திறந்தபோது வந்த வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் பெட்டியில் மறந்துபோன ஈரத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மின்கலங்கள் செத்திருந்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியின் சவ்வும் போயிருந்தது. இவற்றையெல்லாம் எதிர்பார்த்துத்தான் விலை பேசியிருந்தேன்.

எதிர்பாராதது எடை. படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் வண்ணத்துக்கு மேலேயும் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. வண்ணத்தின் எல்லையைத் தாண்டி நீர் ஏறி நின்றிருக்கிறது என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு அறையாகக் காலி செய்தோம். நான்கு நங்கூரம், துருப்பிடித்த சங்கிலி ஒரு கட்டு, தையல் இயந்திரம், இரண்டு சைக்கிள், அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள், ஒரு பெட்டி நிறையப் பழைய இயந்திரத்தின் உதிரிகள். அந்த இயந்திரமே படகில் இல்லை, எப்போதோ மாற்றிவிட்டார்கள். 600 கிலோவுக்கு மேல் கரையேற்றினோம். மறுநாள் காலை படகு இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது.

ஒற்றை உடல் படகு சுமையைப் பொறுத்துக்கொள்ளும். கட்டமரனின் உடல்கள் ஒடுக்கமானவை. பாரம் ஏற ஏறத் தாழ்ந்து, வேகமும் போய், இரண்டு உடல்களையும் இணைக்கும் நடுப்பாலத்தின் அடியில் அலை முட்டத் தொடங்கிவிடும். வீடு மாதிரி இடம் இருக்கிறதே என்று வீடு மாதிரி நிரப்பினால் இதுதான் கதி.

*

அடியில் அலை முட்டும் என்று தம்பி சாதுவாக எழுதிவிட்டார். நான் இரண்டு ஆண்டாகக் கரீபியன் கடலின் தெற்கே கிரெனடாவைச் சுற்றிக் குடியிருக்கிறேன், சொல்கிறேன். காற்றெதிரே போகும் இரவில், படுத்திருக்கும் உங்கள் தலைக்குப் பக்கத்தில் யாரோ கடப்பாரையால் கதவை இடிப்பது போல இருக்கும். மேசையில் வைத்த தேநீர்க் குவளை துள்ளும். வாங்குவதற்கு முன் வெள்ளோட்டம் விடுவார்கள்; பெரும்பாலும் இளங்காற்றில், துறைக்குள்ளேயே ஒரு வட்டம். அதை நம்பாதீர்கள். வெளியே அலையில் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். நடுப்பாலத்துக்கும் நீருக்கும் இடையே எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள்.

என் கணவருக்கு அளவுகளைவிடச் சமையலறையின் அழகு பிடித்திருந்தது. அலையின் இடி எங்களுக்கு அப்படி வந்து சேர்ந்ததுதான்.

இன்னொன்று. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அந்த மாதங்களில் இன்ன அட்சக்கோட்டுக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்று காப்பீட்டில் எழுதியிருப்பார்கள். வழக்கமாகக் கிரெனடா போதுமானது என்று எல்லாரும் அங்கே வந்து சேர்வோம். 2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் புயல் அந்த நாட்டின் கரியாக்கூ தீவிலேயே கரையேறியது. அங்கே டிரல் பே என்ற விரிகுடாவின் சதுப்பு மரங்களுக்குள் கயிறு கட்டி ஒளித்துவைத்த படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நாங்கள் இரண்டு நாள் முன்பே டிரினிடாட் பக்கம் ஓடிவிட்டோம். துணிச்சலால் அல்ல, என் பயத்தால்.

அந்தப் படகுகளில் பல ஒட்டிப் பூசி விற்பனைக்கு வந்துவிட்டன. 2017 செப்டம்பரில் இர்மா புயல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளைப் புரட்டிப் போட்டபோதும் இப்படித்தான் நடந்தது. நன்றாகச் சரிசெய்த படகும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆகவே இங்கே யார் படகு பார்க்க வந்தாலும் விற்பவரிடம் முதலில் கேட்கச் சொல்வது விலையை அல்ல. 2024 ஜூலை முதல் வாரத்தில் இந்தப் படகு எங்கே நின்றது, அதற்குத் துறைமுக ரசீது இருக்கிறதா என்று. போன மாதம் ஒருவரிடம் கேட்டோம். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.