சஃபாரி 16 உலாவியில் தமிழ்த் தலைப்பு குதிக்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெப் ஸ்டாண்டர்ட்ஸ் போட்டி ஒன்றுக்காகச் செய்யும் தமிழ்ப் பக்கம். விதிகள்: வேலிடேட்டரில் (குறிநிரலைச் சரிபார்க்கும் கருவி) பிழை கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் கூடாது, மொத்தம் 100 கேபி. எல்லாம் சரி, எழுத்துரு ஒன்றுதான் இடிக்கிறது.

சாதனம் ஐபோன் 8, ஐஓஎஸ் 16.7 (ஐஓஎஸ் 17 இதற்குக் கிடையாது). வேகம் குறைந்த இணைப்பில் முதலில் போனிலுள்ள தமிழ் சங்கம் எம்என் எழுத்துரு வருகிறது. எங்கள் எழுத்துருவான நோட்டோ சான்ஸ் தமிழ் இறங்கியதும் இரண்டு வரித் தலைப்பு மூன்றாகி, கீழே உள்ளதெல்லாம் நகர்கிறது. குரோமில் சைஸ்-அட்ஜஸ்ட் (ஒரு எழுத்துருவை விகிதப்படி பெரிதாக்க, சிறிதாக்க உதவும் சிஎஸ்எஸ் வசதி, சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) போட்டதும் நின்றுவிட்டது. சஃபாரியில் அந்த வசதி 17-ஆம் பதிப்பிலிருந்துதான்.

செய்து பார்த்தவை: தமிழ் எழுத்துகளை மட்டும் வைத்துச் சப்செட் செய்து (மற்றவற்றை நீக்கி), வோஃப்2-ஐ (சுருக்கிய எழுத்துருக் கோப்பு) பிரீலோடு செய்தேன் (முன்கூட்டியே இறக்கினேன்), குதிப்பு தாமதம் குறைந்தது, குதிப்பு போகவில்லை. ஃபான்ட்-சைஸ்-அட்ஜஸ்ட் (பெயர் ஒத்திருந்தாலும் வேறு வசதி) ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறது, தமிழ் அகலத்துக்கு உதவாது. தலைப்புக்கு மின்-ஹைட் 3எல்ஹெச் (குறைந்தபட்ச உயரம் மூன்று வரி) கொடுத்தால் அகலத் திரையில் வெற்றிடம் அசிங்கமாகத் தெரிகிறது. எழுத்துருக் கோப்பை பேஸ்64 ஆக (எழுத்து வடிவில் மாற்றி) சிஎஸ்எஸ்ஸுக்குள் திணித்தால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடி, பக்கம் தெரியவே தாமதம். ஃபான்ட்-டிஸ்ப்ளே ஆப்ஷனல் (எழுத்துரு உடனே வராவிட்டால் போனிலுள்ளதையே வைத்துக்கொள்ளும் அமைப்பு) குதிப்பை நிறுத்துகிறது. ஆனால் முதல் வருகையில் எங்கள் எழுத்துரு வருவதில்லை, வடிவமைப்பு மதிப்பெண்ணே அதற்குத்தான்.

சஃபாரி 16-க்கு மட்டும் தலைப்பில் லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்து இடைவெளி) கொடுக்காமல் (கொடுத்தால் உயிர்மெய்க் குறிகள் பிரிந்து நிற்கும்), சிஎஸ்எஸ் கொண்டே இரு எழுத்துருவின் அகலத்தையும் பொருத்த வழி உண்டா?