மகளை விடுதியில் விடப் போகிறோம்: எல்லாவற்றையும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போவதா, அங்கே வாங்கிக்கொள்வதா?

கல்லிடைக்குறிச்சி அம்மா

என் மகளுக்குச் சென்னையில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் நான், அவள், அவளுடைய அப்பா மூன்று பேரும் கிளம்புகிறோம். விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பிள்ளைகள். கட்டில், மேசை, சின்ன அலமாரி கொடுப்பார்களாம். மற்றதெல்லாம் நம் பொறுப்பு.

ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, இரண்டு போர்வை, பத்தமடைப் பாய், வாளி, கப்பு, கொடிக்கயிறு, ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் துணி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நம்ம ஊர் அப்பளம் இரண்டு கட்டு. அவள் அப்பாவோ, ஒரு பெட்டியும் ஒரு பையும் போதும், மற்றதை அங்கே வாங்கலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு அங்கே போய்க் காசு கொடுத்து வாங்குவானேன்? தெரியாத ஊரில் முதல் ராத்திரி பிள்ளை தலையணை இல்லாமல் படுக்கக் கூடாது. கொண்டு போவதுதான் சரி என்று நினைக்கிறேன். பிள்ளைகளைக் கொண்டு விட்டவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி மாணவி, மூன்றாம் வருடம்

அம்மா, அப்பா சொல்வதுதான் சரி. நானும் சென்னையில்தான் படிக்கிறேன். முதல் வருடம் எங்கள் வீட்டில் ஏழு உருப்படி கட்டினார்கள். போகும்போது ஒரு கஷ்டமும் தெரியவில்லை. அப்பா தூக்கினார், மாமா தூக்கினார், அண்ணன் தூக்கினான். வருடக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அடுத்த வருடம் வேறு அறை கொடுப்பார்கள், சில சமயம் வேறு கட்டடமே. அதனால் ஒரு குண்டூசி கூட அறையில் இருக்கக் கூடாது. கடைசிப் பரீட்சை எழுதிய அன்று மத்தியானம், அந்த வெயிலில், மெத்தையை மூன்று மாடி நான் ஒருத்தியாக இறக்கினேன். ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் மெத்தையைப் பார்த்துவிட்டு வர மாட்டேன் என்றார்கள். எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் அழுதுவிட்டேன். கொண்டு போகும்போது வீடே கூட வருகிறது. திரும்பும்போது நாங்கள் மட்டும்தான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

அப்பளம் வேண்டவே வேண்டாம். பொரிப்பதற்கு அடுப்பு கிடையாது. கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதையும் அறையில் வைக்க எங்கள் விடுதியில் விடுவதில்லை. சோதனையில் கண்டால் எடுத்துப் போய்விடுவார்கள். வீட்டிலேயே பொரித்துக் கொடுத்தாலும் சென்னைக் காற்றுக்கு ஒரே நாளில் நமத்துவிடும். பொடி மட்டும் கொடுங்கள், இறுக்கமாக மூடுகிற டப்பாவில். எறும்பு அப்படி வரும்.

ஏரல் கடைக்காரர்

பிள்ளை பட்ட கஷ்டம் புரிகிறது. ஆனாலும் "அங்கே வாங்குங்கள்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்லூரிக் கட்டணம், விடுதி முன்பணம், மெஸ் முன்பணம் எல்லாம் ஒரே வாரத்தில் கட்டிவிட்டு நிற்கிற குடும்பம் அது. வாளியும் கப்பும் மட்டும் என்றால் சரி. மெத்தை, தலையணை, போர்வை, கொசுவலை என்று சேர்ந்தால் எங்களுக்கு ஒரு மாத வீட்டுச் செலவு. என் மகனைக் கோயம்புத்தூரில் விட்டபோது எல்லாம் வீட்டுச் சாமான்தான், ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

ரயிலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், அக்கா. ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை தனிக் கட்டணம் இல்லை. நீங்கள் மூன்று பேர், 120 கிலோ ஆயிற்று. டிரங்குப் பெட்டி மட்டும் 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்கட்டும். அதைவிடப் பெரியது என்றால் பார்சல் அலுவலகத்தில் பதிந்து அனுப்ப வேண்டியிருக்கும்.

தென்காசி மாணவி, மூன்றாம் வருடம்

செலவு பற்றிச் சொன்னது நியாயம், மாமா. ஆனால் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2022 முதல் கொடுக்கிறார்கள். ஒன்றொன்றாக வாங்கிக்கொள்ளலாமே.

ஏரல் கடைக்காரர்

அது கல்லூரி மூலமாக எழுதிப் போட்டு, சரிபார்த்து வருகிற பணம். வாளி முதல் நாள் காலையில் குளிக்கவே வேண்டும்.

பாளை முன்னாள் வார்டன்

பாளையங்கோட்டையில் பெண்கள் விடுதி ஒன்றில் 22 வருடம் இருந்தேன். விளாத்திகுளம், சங்கரன்கோவில், ராதாபுரம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளையும் வந்து இறங்கிய முதல் நாள் பார்த்திருக்கிறேன். ஏரல் தம்பி சொன்ன 120 கிலோ ரயிலுக்குச் சரி. அறைக்கு? மூன்று கட்டிலுக்கு நடுவில் நடக்க இடம் வேண்டும். முதலில் வருகிற பிள்ளை சாமானைப் பரப்பிவிட்டால் மூன்றாவதாக வருகிற பிள்ளைக்கு மூலைதான். அந்த மனத்தாங்கல் வருடம் முழுக்கப் போகாது.

மெத்தை விஷயத்தில் நான் மாணவி பக்கம். கட்டில் அகலம் தெரியாமல் மெத்தை கொண்டுவந்து, பாதி தொங்க விட்டுப் படுத்த பிள்ளைகள் உண்டு. அதோடு இலவம்பஞ்சை அடிக்கடி வெயிலில் காய வைக்க வேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே காய வைப்பாள்? ஈரம் ஏறினால் கட்டி தட்டிப்போய் நாற்றம் எடுக்கும். செலவைப் பொறுத்தவரை தம்பி சொல்வதுதான் சரி. தலையணை, போர்வை, வாளி இவற்றைப் புதிதாக வாங்க ஒரு காரணமும் இல்லை. வாளிக்குள்ளேயே பொடி டப்பா, கப்பு, சோப்பு, கயிறு எல்லாம் அடங்கும். டிரங்குப் பெட்டியும் நல்லதுதான், கட்டிலுக்கு அடியில் போய்விடும், பூட்டு நிற்கும். சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று அவளிடம், ஒன்று உங்களிடம்.

இத்தனை பேசினோம், சான்றிதழ்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. 10, 12 மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மூன்று செட் நகல் எடுங்கள். அசலைக் காட்டிச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள். அசலைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. மாற்றுச் சான்றிதழ் மட்டும் கல்லூரியில் இருக்கும்.

தென்காசி மாணவி, மூன்றாம் வருடம்

டீச்சர் சொல்வது சட்டப்படி சரி. என்னுடைய அசலை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாம் செமஸ்டரில்தான் தந்தார்கள். கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. கேளுங்கள் அம்மா, தயங்காதீர்கள்.

ஏரல் கடைக்காரர்

சான்றிதழ் விஷயத்தில் எனக்கு மறுபேச்சே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஏறி எங்கள் வீட்டுக்குள்ளேயும் வந்தது. மகனுடைய சான்றிதழ்கள் பீரோவின் கீழ்த் தட்டில் துணிப்பையில் இருந்தன. எடுத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டி மை கரைந்துபோயிருந்தது. நகல் வாங்க அவன் அலைந்த அலைச்சலைச் சொல்லி முடியாது. தண்ணீர் புகாத ஜிப் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள். டிஜிலாக்கரிலும் இப்போதே ஏற்றிவிடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி அம்மா

எல்லோருக்கும் நன்றி. சான்றிதழ் நான் யோசிக்கவே இல்லை, நாளைக்கே நகல் எடுக்கிறேன். மாணவி எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன், நீ வருத்தப்படுவாயே என்று சொல்லவில்லை" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ராத்திரி கூட எங்களை விட்டு வெளியே தங்காத பிள்ளை. நான் கட்டியதெல்லாம் அவளுக்காகவா, என் பயத்துக்காகவா என்று தெரியவில்லை.

சரி, மெத்தையை இறக்கிவிட்டேன். அப்பளத்தையும். ஆனால் பாயை விட முடியாது. பிறந்ததிலிருந்து பாயில்தான் படுக்கிறாள்.

பாளை முன்னாள் வார்டன்

பாயை ஏன் விட வேண்டும்? கோரைப் பாய் சென்னை வெக்கைக்கு மெத்தையைவிடச் சுகம். ஈரமானால் மின்விசிறிக்கு அடியில் விரித்தாலே காய்ந்துவிடும். கட்டில் பலகைக்கு மேல் ஒரு தடித்த ஜமுக்காளம், அதன் மேல் பாய்.

தென்காசி மாணவி, மூன்றாம் வருடம்

இதில் நானும் உங்கள் பக்கம்தான் அம்மா. அந்த ஏழு உருப்படியில் இன்றைக்கும் என்னோடு இருப்பது ஆச்சியின் பழைய சேலையில் தைத்த போர்வை ஒன்றுதான். வருடா வருடம் அதை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வருவேன்.

கல்லிடைக்குறிச்சி அம்மா

பாயைச் சுருட்டினால் மூன்றடி நீளம் வருகிறது. பெர்த்துக்கு அடியில் போகுமா?

ஏரல் கடைக்காரர்

மூன்றடி என்றால் 91 செ.மீ.தான், தாராளமாகப் போகும். இரண்டு முனையிலும் துணி சுற்றிக் கட்டுங்கள், அக்கா. ஏற்றி இறக்கும்போது கோரை முறியாமல் இருக்கும்.