டீசல் பிக்கப்பில் ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். காமன் ரெயில் எஞ்சின் (உயரழுத்த பம்ப் தள்ளும் டீசல் ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் சேர்ந்து, அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் வகை) கொண்ட என் டீசல் பிக்கப் சுமையுடன் மேடு ஏறும்போது திடீரென இழுவை குறைந்து, எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் சிறிது தூரம் நன்றாக ஓடுகிறது. ஸ்கேனரில் பி0087, அதாவது ரெயில் அழுத்தம் குறைவு என்ற குறியீடு வந்தது. டீசல் ஃபில்டரை மாற்றியதும் குறை தீர்ந்தது. ஆனால் 3,000 கிலோமீட்டருக்குள் அதே தொல்லை திரும்பிவிட்டது. உயரழுத்த பம்பை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதைச் சோதிக்கலாம்?

பதில் 1:
இப்போதைக்குப் பம்பைத் தொட வேண்டாம். புது ஃபில்டர் போட்டதும் வண்டி பழைய இழுவைக்கு வந்தது என்றால், பம்புக்குப் போதிய டீசல் வந்து சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கழற்றிய ஃபில்டரை வெட்டி, தாள் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பழுப்புத் தூள் இருந்தால் தொட்டியில் துரு. கறுத்த வழவழப்பு இருந்தால் நுண்ணுயிர் வளர்ச்சி. வெள்ளியாக மின்னும் துகள்கள் தெரிந்தால் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள், ஏனெனில் பம்ப் தேய்ந்து உதிரும் உலோகம் ரிட்டர்ன் குழாய் வழியே தொட்டிக்குப் போய் ஃபில்டரை வந்தடைகிறது. அத்துடன், இரவு முழுவதும் நின்ற வண்டியின் ஃபில்டர் அடியிலுள்ள வடிகால் திருகைக் காலையில் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள்; நீர் கலந்திருந்தால் அடியில் தங்கும்.

பதில் 2:
ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே சிறிது நேரம் ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்திப் பாருங்கள். குமிழிகள் ஓடினால் ஓ-ரிங்கிலோ (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இணைப்பிலோ காற்று இழுக்கிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே புகும்.

கேள்வி கேட்டவர்:
குமிழிகள் இல்லை. புட்டியின் அடியில் ஒரு விரல் அளவு நீரும், நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கறுப்புப் படலமும் நிற்கின்றன. ஃபில்டர் தாளிலும் அதே வழவழப்பு. உலோகத் துகள் இல்லை.

பதில் 1:
அப்படியானால் குறை தொட்டியில் இருக்கிறது. நீரும் டீசலும் சேரும் எல்லையில்தான் இந்த நுண்ணுயிர்கள் பெருகும். நீரை அகற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் மீண்டும் அடைக்கும். தொட்டியை இறக்கி, மிதவை அலகையும் உறிஞ்சு வலையையும் கழற்றிக் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். பிறகு டீசலுக்கான நுண்ணுயிர்க்கொல்லியை அதன் உறையில் குறித்த அளவில் சேருங்கள். இறந்த படலம் பெயர்ந்து வந்து அடைக்கக்கூடும் என்பதால் முதல் சில வாரங்களுக்கு மாற்று ஃபில்டர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: அடைப்புக்கு அஞ்சிக் கண் பெரிய ஃபில்டரைப் போட்டுவிடாதீர்கள். சுமார் 2,000 பார் அழுத்தம் வரை எட்டும் இந்த அமைப்பில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உயவு தருவது டீசல்தான். நீரும் நுண்துகளும் உள்ளே சென்றால் அவை மிக விரைவில் கெடும். புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பாமல், கை பிரைமரால் (தொட்டியிலிருந்து டீசலை ஏற்றும் சிறு கைப்பம்ப்) அழுத்தி நிரப்புங்கள். ஊற்றும் டீசல் வடிகட்டப்படாதது.

கேள்வி கேட்டவர்:
தொட்டியை இறக்கினோம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. கழுவும்போதும் மழையிலும் நீர் அவ்வழியே இறங்கியிருக்க வேண்டும். வளையத்தை மாற்றி, தொட்டியைக் கழுவிய பின் 2,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இடையில் ஃபில்டரை ஒருமுறை மாற்றினேன். நேற்று வடித்துப் பார்த்ததில் நீர் துளியும் இல்லை; பழைய பம்புடனேயே வண்டி முழுச் சுமையுடன் மேடு ஏறுகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.